மேரியம்மாவுடன் போன கரி

"எனக்கு மூணு வாரம் போதும் சார். அதுக்கு மேல தங்க முடியாதபடி முத்திரை போட்டுக் குடுங்க" என்று விசா சன்னலில் நின்று கேட்டாள் சுகிர்தா. அந்தச் சன்னலில் எதையும் கேட்கவே கூடாது என்று கும்மிடிப்பூண்டி டிராவல்ஸ் கணேசன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு. அவுங்க குடுக்கறத வாங்கிக்கினு கம்முனு வந்துரு." சுகிர்தா கம்மென்று இருக்கிற ரகம் இல்லை. எதற்காகப் போகிறாய் என்று அதிகாரி கேட்டபோது உள்ளதைச் சொன்னாள். அம்மா மேரி அமெரிக்காவில் அண்ணனோடு நிரந்தரமாகக் குடியேறப் போகிறாள். அம்மா தூங்கும் இடத்தில் கரி விழும். இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேரும்வரை அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதிகாரி இதையெல்லாம் நிதானமாகத் தட்டச்சு செய்துகொண்டார். நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டார். "வேலைல பர்மனென்ட் ஆர்டர் வந்துருக்கு சார்" என்றாள். மறுவாரம் பாஸ்போர்ட் வந்தது. மூன்று வாரம் கேட்டவளுக்குப் பத்து வருட விசா குத்தியிருந்தார்கள். கணேசன் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.

கரியின் கதை இது. சுகிர்தாவின் அப்பா தாவீது, சிப்காட் பக்கம் ஓர் இரும்பு உருக்காலையில் உலையடியில் வேலை பார்த்தார். நைனா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்து, குளிக்காமல் பாயின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். உலை வெடித்து அவர் செத்தபோது, எங்கள் தொழிலாளர் ரோலில் தாவீது என்று ஒரு பேரே இல்லை, கான்ட்ராக்டரைப் போய்க் கேளுங்கள் என்றது ஆலை. கான்ட்ராக்டர் செல்போனை அணைத்துவிட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், மேரி படுத்திருந்த பாயைச் சுற்றி ஒரு முறம் நிறைய அள்ளும் அளவுக்குக் கரி விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் கரி விழாத மாடி கிடையாது, காயப்போட்ட வெள்ளைத்துணி வெள்ளையாகத் திரும்பிய வரலாறும் கிடையாது. ஆகையால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மேலே கான்கிரீட் கூரை மூடியிருந்தது என்பது மட்டும்தான் கொஞ்சம் உறுத்தியது. ஆலையிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து பார்த்து, எங்கள் கரி சாம்பல் நிறம், இது நல்ல கறுப்பு, எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுத் தோளெல்லாம் கரியோடு கிளம்பினார். மேரி மட்டும், "உங்க நைனாதான் வந்துகீறாரு" என்றாள். அதன்பிறகு அவள் தூங்கி எழுந்த ஒவ்வொரு காலையும் கரி விழுந்து கிடந்தது.

அண்ணன் சாம்சன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அங்கிருந்து காலேஜ், அங்கிருந்து நியூஜெர்சி. கரியை வாரியது சுகிர்தா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் போடுவதற்கு முன்னால் வாரினாள், வேதியியல் பட்டம் வாங்கிய அன்று காலையிலும் வாரினாள். ஒரு பொட்டலம் எடுத்துப்போய்க் காலேஜ் லேபில் சோதித்தும் பார்த்தாள். இரும்பு, கரி, மனித வியர்வையின் உப்பு என்று முடிவு வந்தது. மேடம் கையெழுத்துப் போட்டு ஐந்து மார்க் கூடக் கொடுத்தார். பிறகு சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் சேர்ந்து, நாலு வருஷம் டிரெய்னி, டெம்பரரி என்று இழுத்தடிக்கப்பட்டு, இந்த வருஷம்தான் பர்மனென்ட் ஆனாள். அந்தக் குடும்பத்தில் சிப்காட் கம்பெனி ஒன்றின் ரோலில் ஏறிய முதல் பெயர் அவளுடையது. மூன்று வாரம் லீவு கொடுத்தார்கள். அதற்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அவள் திரும்பி வருவாள் என்று தெருவில் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டுக் கோவிந்தம்மா நேராகவே வந்து கேட்டாள். "அந்த கிரைண்டர எனக்குக் குடுத்துட்டுப் போமே."

"வந்து மாவு அரைக்கணும்க்கா."

"அமெரிக்கா போன எவ திரும்பி வந்து கும்மிடிப்பூண்டில மாவு அரைச்சிக்கிறா? இன்னா, எங்கிட்டயே பீலா உடுற."

சுகிர்தா கிரைண்டரை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டி, சாவியைக் கோவிந்தம்மாவிடமே கொடுத்தாள். "நான் வர்ற வரைக்கும் பூட்டு பூட்டாவே இருக்கணும், சொல்ட்டேன்."

விமானத்தில் மேரியைத் தூங்கவிடாமல் இருக்க, தாவீது காதலித்த காலத்துக் கதைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லவைத்தாள். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பூ கொடுத்த கதையை மூன்றுதரம் கேட்டாள். கடலுக்கு மேலே எங்கேயோ மேரி ஒரு நிமிடம் கண்ணயர்ந்தாள். அந்த வரிசை முழுக்கக் கரி. பணிப்பெண் ஈரத்துண்டு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சைவமா அசைவமா என்று கேட்டாள். இறங்கிய இடத்தில் மேரியின் குடியேற்றக் காகிதங்கள் இருந்த உறையைப் பிரித்துப் பார்த்து வரவேற்றார்கள். சுகிர்தாவிடம் ஆறு மாதம் தங்கலாம் என்றார்கள். மூன்று வாரம் போதும் என்று அங்கேயும் கேட்டாள். வேண்டாவிட்டால் முன்னாடியே போய்க்கொள் என்று அந்த அதிகாரி சிரித்தார்.

சாம்சன் வீட்டில் தரை முழுக்க வெள்ளைக் கம்பளம், வெளியே வெள்ளைப் பனி. முதல் காலையில் அண்ணி ஷைனி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்றாம் காலையில் அவளும் பழகிக்கொண்டாள். குழந்தை பிரின்சி கரியில் விரலால் யானை வரைந்தாள். பழகாதவன் சாம்சன் ஒருத்தன்தான். அம்மா அறைப் பக்கமே அவன் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுவதற்குள் சுகிர்தா வாரிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வாரி முடித்தவள் அப்படியே நாஷ்டா செய்தாள், நாஷ்டா செய்தவள் பாத்திரம் துலக்கினாள், பிரின்சியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றினாள். கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. சாப்பாட்டு மேசையில் சாம்சன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"உன் டிக்கெட்ட ஜூனுக்கு மாத்திட்டேன். ஆறு மாசம் குத்திக்கிறாங்க இல்ல? அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் இன்னா பாப்ப?"

"இங்க எத்தினியோ பேரு அப்டியே தங்கிக்கினு கீறாங்க. யாரும் வந்து கேக்க மாட்டாங்க. அங்க போய் இன்னா கிழிக்கப் போற? எந்த ரிக்கார்டுலயும் பேரு இல்லாம நிம்மதியா இருந்துக்கலாம்."

சுகிர்தா சோற்றுக் கையோடு எழுந்தாள். "பேரு இல்லாமயா? உனுக்கு வெக்கமா இல்ல? பேரு இல்லன்னு சொல்லித்தான்டா நைனாவ மண்ணுல போட்டானுங்க. பேரு இல்லாம வேல செய்ய ஒரு ஊட்டுக்கு ஒரு ஆளு போதும்."

அண்ணனை அவள் டா போட்டது அதுதான் முதல்தடவை. ஷைனி நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டாள். "அப்ப கரிய யாரு வார்றது?"

"எனக்கு காலைல மீட்டிங் கீது" என்றான் சாம்சன் அவசரமாக.

அதுவரை மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த மேரி வாயைத் திறந்தாள். "அவனே வாரட்டும். அந்தாளு செத்ததுலருந்து ஒருநாளும் அந்தக் கரி இவன் கைக்கு வந்ததில்ல. பெத்த புள்ளயத் தேடித்தான் இம்மாந் தூரம் எங்கூட வந்துகீறாரு." பிறகு மகளைப் பார்த்து, "நீ போடி. கோவிந்தம்மா இந்நேரம் கிரைண்டரத் தூக்கியிருப்பா" என்றாள்.

டிக்கெட் சுகிர்தாவின் பேரில்தான் இருந்தது. அவளே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பழைய தேதிக்கு மாற்றினாள். அதற்காகப் பிடித்த பணத்தைத் தன் சம்பளக் கார்டிலிருந்து கொடுத்தாள். போகிற அன்று காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்திருந்த துடைப்பத்தை எடுத்துப்போய், படுக்கையிலிருந்த சாம்சனின் கையில் திணித்தாள். அவன் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு துணியை நனைத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனான். கரியை ஈரத்தோடு தொட்டால் அப்பிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கம்பளம், சுவர், அவன் முகம் எல்லாம் கறுத்துவிட்டன. உலையடியிலிருந்து வீடு திரும்பிய ஆளைப் போலவே அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மேரி அவனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சுகிர்தா பெட்டியோடு கதவருகே நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "மொதல்ல காஞ்ச தொடப்பம்ணா, அப்பறந்தான் ஈரத்துணி."

டாக்சி தெருமுனையில் நின்றது. வாசலிலிருந்து அதுவரைக்கும் பனியில் அவள் பதித்த அடிகள் கறுப்பாக விழுந்தன. பின்னால் பெய்த பனி எதுவும் அவற்றை மூடவில்லை. ஒரு வாரம் பேசிப் பார்த்த அந்தத் தெருக்காரர்கள், பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு அவற்றை ஒட்டியே நடக்கப் பழகிக்கொண்டார்கள். அன்று காலை அவள் டாக்சிக்குப் பாதி வழி போயிருந்தபோது உள்ளேயிருந்து வறட் வறட்டென்று காய்ந்த துடைப்பத்தின் சத்தம் கேட்டது. சரியாகத்தான் வாருகிறான் என்று நினைத்துக்கொண்டு, தோளில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிடாமல், சுகிர்தா வேலைக்குப் போகிற வேகத்தில் நடந்தாள்.