அடைத்த வெண்டிலேட்டர்

எங்கே இடுக்கைக் கண்டாலும் முத்துக்கண்ணனுக்குக் கை நமநமக்கும். எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன். சூட்டறையில் காய் வேர்க்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியே விடுவான். மற்ற நேரமெல்லாம் அடைப்புதான். இடுக்கு அடைப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளி ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அந்தப் பெருமையை வீட்டுக்கும் கொண்டுவந்தான்.

அவன் மனைவி சூர்யகலா மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரி. மலைக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து குளிர் அவளுக்கு ஆகவில்லை. பாவம் என்று ஆசையாகத்தான் கேஸ் கீசர் வாங்கினான். அதைக் குளியலறையில் மாட்ட வந்த போடி பிளம்பர் லிங்கேஸ்வரன் அப்போதே சொன்னான்.

"அண்ணே, இத வெளிச் சுவத்துல மாட்டுவோம். உள்ள குழாய் மட்டும் வந்தாப் போதும்."

"வெளிய மாட்டுனா கொரங்கு பிச்சுப் போட்டுரும்ப்பா."

"அப்ப அந்த வெண்டிலேட்டர மட்டும் அடைச்சுறாதீக. கேஸ் எரியிற எடத்துல காத்து வேணும்."

அவன் ஜீப்பேறிய மறுநாளே முத்துக்கண்ணன் அதில் சாக்கைத் திணித்து, மேலே சிமெண்டும் பூசிவிட்டான். கதவும் இறுக்கமாகப் பொருந்தவேண்டுமாம். தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் வைத்தான். சூர்யகலா எக்கித்தான் எட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்ததும் குப்பென்று நீலத் தீ பற்றியது. வெந்நீர் உடம்பில் பட்டதும் சுகமாகத்தான் இருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நெற்றி தெறித்தது, காது அடைத்தது. வெறும் வயிறுதான் காரணம் என்று நினைத்தாள். பிறகு கால் துவண்டபோது லிங்கேஸ்வரன் சொன்னது ஞாபகம் வந்து குழாயை மூடினாள். தீ அணைந்தது. ஆனால் கெட்ட காற்று போக வழி வேண்டுமே!

பாவாடையை அள்ளிச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளுக்குக் கையைத் தூக்கினாள். கை தோளுக்கு மேலே ஏறவில்லை. கதவில் சரிந்து அப்படியே தரையில் விழுந்தாள். கூப்பிட்டாள்; அது அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்த முத்துக்கண்ணன் சிரித்தான். "என்ன கலா, சத்தத்தையே காணோம்? வெந்நிய விட்டு வர மனசில்லையா?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுசன் சிரிக்கச் சிரிக்க இங்கேயே செத்துப்போவோம் என்று பயந்தாள். அந்த அறையில் அவன் அடைக்காமல் விட்டது தண்ணீர் போகும் ஓட்டை ஒன்றுதான். தவழ்ந்து போய் அதில் வாயை வைத்தாள். சில்லென்று காற்று வந்தது. கையில் அகப்பட்ட சோப்பை அதன் வழியே வெளியே தள்ளினாள்.

"சோப்பக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல." அவன் குனிந்து எடுத்து, கழுவி, உள்ளேயே திருப்பித் தள்ளினான். சோப்பு அவள் கன்னத்தில் வந்து இடித்தது.

மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி கையை ஓட்டைக்குள் விட்டு விரல்களை வெளியே நீட்டினாள்.

"என்ன, வெளையாட்டா?" என்று அவன் விரல்களைப் பிடித்தான். அவை திருப்பிப் பிடிக்கவில்லை. அப்போதுதான் அவன் சிரிப்பு நின்றது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் இறுக்கிய கதவு அவனுக்கே லேசில் திறக்கவில்லை. "ஆத்தா, கலா, கலா" என்று அலறிக்கொண்டே பெயர்த்து, அவளை முற்றத்துக்குத் தூக்கி வந்தான்.

எஸ்டேட் டிரைவர் வீரையா அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்தார். போடி ஆஸ்பத்திரிக்கு வெரசாகக் கிளம்பினார்கள். மெட்டின் மலைப்பாதையில் இறங்கும்போது பனி உள்ளே அடித்தது. மடியில் கிடந்தவளுக்குக் குளிருமே என்று முத்துக்கண்ணன் பக்கத்துப் படுதாவை இழுத்துவிட்டான்.

சூர்யகலா கண்ணைத் திறந்தாள். படுதாவைத் தள்ளினாள்.

"காய் வேர்த்தா ஜன்னலத் தெறந்து விடுவீகளே, மாமா," என்றாள் மெதுவாக. "எனக்குத் தெறந்து விடத் தோணலையா?"

 அவனுக்குக் கண்ணீர் வந்தது. படுதாவைச் சுருட்டி மேலே தூக்கி, போடி வந்து சேரும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தான்.