வலித்தாலும் மரியாதை

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தின் துணைத் தலைமையாசிரியை இவெட் கெய்ன்ஸ். எட்டு வயது மகள் இமானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது அவள் செய்த முதல் காரியம் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றியதுதான். தாய் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

தங்கை கொரீன் கார் சாவியோடு வாசலில் நின்று கத்தினாள். "அக்கா, நாம போறது ஆஸ்பத்திரிக்கா, ஈஸ்டர் ஆராதனைக்கா? புள்ள துடிக்குது, நீ காலரைத் தேச்சுக்கிட்டு நிக்கிறே!"

"வாயை மூடுடி. வீட்டுத் துணியோட போனா, கறுப்புப் பொம்பள போதை மருந்துக்கு வந்திருக்கான்னு ஓரமா உக்கார வெச்சிடுவாங்க. படிச்சவன்னு பார்த்ததும் தெரியணும்."

பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முத்துத் தோடும் ஏறியது. முத்து போலிதான், ஆனால் வெள்ளைக்காரர்கள் அவ்வளவு கிட்டே வந்து பார்ப்பதில்லை. காரில் மகளுக்குப் பாடமும் நடந்தது: அழாதே, கேட்டதுக்குப் பதில் சொல்லு, மேடம்னு கூப்பிடு. இந்தப் பாடத்தில் இவெட்டை மிஞ்ச ஊரிலேயே ஆள் கிடையாது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வந்தாள். "வலி எப்படி இருக்கு தங்கம்?"

இமானி வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லை மேடம். கேட்டதுக்கு நன்றி."

"அடடா, எவ்வளவு நல்ல புள்ள!" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். இவெட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி கட்டிலை உதைத்து, பெற்ற தாயையே கண்டபடி ஏசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலி மருந்து வந்தது, டாக்டர் வந்தார், கரடி பொம்மைகூட வந்தது. இமானிக்கு ஒரு போர்வை வந்தது.

இவெட் நர்ஸிடம் எழுந்து போய், டாக்டர் எப்போது வருவார் என்று தன் மிகப் பணிவான குரலில் கேட்டாள். "கொஞ்சம் பொறுங்க மேடம். குழந்தை அமைதியாத்தானே இருக்கா?" என்றாள் நர்ஸ். ஆசைப்பட்ட மரியாதை கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் இமானியின் நெற்றி கொதித்தது. இவெட் குனிந்து, "அழு கண்ணு. சத்தமா அழு" என்றாள்.

இமானி மிரண்டு போய்ப் பார்த்தாள். "ஏம்மா? நான் ஒழுங்காத்தானே இருக்கேன்?"

எந்தக் கறுப்புப் பெண்ணாகத் தன்னை யாரும் நினைத்துவிடக் கூடாது என்று இத்தனை காலம் பாடுபட்டாளோ, அந்தப் பெண்ணாகவே மாறி இவெட் எழுந்து, நடைபாதையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "என் புள்ள சாகுது! யாராவது வாங்க!"

முதலில் காவலாளிதான் ஓடிவந்தான். டாக்டர் அவனுக்குப் பின்னால் வந்தார். வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. "குடல்வால் வெடிச்சிருக்கும் போலிருக்கு. ஆபரேஷனுக்குத் தயார் பண்ணுங்க!" கட்டிலோடு ஓடிக்கொண்டே சிறுமியிடம் கேட்டார். "இவ்வளவு வலியை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

இவெட் வாயைத் திறப்பதற்குள் இமானி முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க டாக்டர்."