கொம்பனைக் கொல்லப் பல்லியில் போனவர்கள்

எங்கள் மாப்பிள்ளை எங்கள் மகளை ஓர் அரக்கனிடம் தனியாக விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குக் கிடைத்தது. கொண்டு வந்தவள் மகளேதான். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் ஒயர்கள் தொங்கும் கறுப்புப் பெட்டி.

"அடி கிடி பட்டுதாடி?" என்று என் மனைவி பதறினாள்.

"செத்தே போயிட்டேன்மா," என்றாள் மகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து டீ கேட்டாள்.

செத்தவளுக்கு டீ போட்டுக் கொடுத்து விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அந்தக் கறுப்புப் பெட்டி டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம். அதற்குள் ஒரு ராஜ்யம் இருக்கிறது. அதன் கடைசியில் ஓர் இரும்பு அரண்மனை. அதற்குள் ஒரு ராட்சசன். அவனுக்கு விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாததால் என் மனைவி கொம்பன் என்று வைத்துவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் மழைக்காலம் முழுக்கச் சேர்ந்து விளையாடி எல்லாரையும் கொன்றுவிட்டார்கள். பாக்கி இருந்தது கொம்பன் ஒருவன்தான். அவனை இரண்டு பேராகத்தான் கொல்ல முடியும். எருமை மாட்டைவிடப் பெரிய ஒரு பல்லி, அதன் முதுகில் இரண்டு சேணம். முன்னால் இருப்பவர் பல்லியை விரட்டலாம், திருப்பலாம். பின்னால் இருப்பவர் அம்பு விட வேண்டும். ஆபத்து என்றால் ஒரு வாரை இழுத்துப் பல்லியை நிறுத்துவதும் அவர் பொறுப்பு. கொம்பன் தன் கதாயுதத்தை ஓங்கித் தரையில் அடிப்பான். அது தரையில் பதிந்து கிடக்கும் கணத்தில் அவன் நெற்றிக்கல் திறக்கும். அதில் ஓர் அம்பு. கதை முடிந்தது.

"அடிச்சான். பல்லி விழுந்துச்சு. நான் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டேன். இவன் என்ன பண்ணினான் தெரியுமா? குதிச்சு ஓடிட்டான். எங்கே ஓடினேன்னு கேட்டா, அசெம்ப்ளி பாயிண்டைத் தேடினானாம்!"

மாப்பிள்ளை தீப்பாதுகாப்பு அதிகாரி. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், மணி அடித்தால் எப்படி வெளியேறுவது, வெளியேறி எங்கே கூடுவது என்று சொல்லிக் கொடுப்பவர். முதலில் உன் உயிர், அப்புறம்தான் அடுத்தவரைக் காப்பாற்றலாம் என்பது அவர் வேதம். பெண் பார்க்க வந்த அன்றே, பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எங்கள் பின்வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். அப்போது அதை அடக்கம் என்று நினைத்தோம்.

"விளையாட்டுதானேம்மா," என்றேன்.

"விளையாட்டுலயே விட்டுட்டு ஓடறவன், நிஜத்துல?" என்றாள். "அந்தக் கொம்பனை அவன் இல்லாம கொன்னு காட்டறேன். அதுக்கப்புறம் பேசலாம், அந்த வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கவலை விளையாட்டு இல்லை. மகள் கொண்டு வந்த துணிப்பையில் குளிர்காலத்துக் கம்பளிச் சட்டையும் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஆக, முன் சேணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது; நான் ஏறினேன். வீட்டில் இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால் அல்ல. என் மனைவிக்குப் பல்லி என்றால் அருவருப்பு.

எங்களுக்கு வாகனம் புதிதல்ல. நானும் அவளும் ஆயுசு பூராவும் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்கள். இப்போது எங்கள் ஓட்டுநர் பள்ளியை மகள் நடத்துகிறாள். எங்களிடம் படித்தவர்கள் பெரிய பெரிய இடங்களுக்குள் எல்லாம் போயிருக்கிறார்கள். ஒருவர் ரொட்டிக்கடைக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, கொடுத்தார்கள். இன்னொருவருக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் வந்தது. தினமும் ஆபீசுக்குப் பின்பக்கமாகவே போய் வந்தார். வேலையில் அவரை யாரும் பின்தங்கியவர் என்று சொன்னதில்லை.

விளையாட்டு எனக்கு ஒரு மத்தியானத்தில் பிடிபட்டுவிட்டது. பல்லிக்குக் கிளட்ச் கிடையாது. அதுவே பாதி மோட்சம். ஆனால் கொம்பன் பிடிபடவில்லை.

மகள் முதலில் இணையத்தில் ஒரு தாடிக்காரரின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். "நண்பர்களே, இது ரொம்ப ஈசி" என்று அவர் ஒரு கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டே கொம்பனைக் கொன்றார். தூணுக்குத் தூண் மறைந்து போகச் சொன்னார். போனோம். கொம்பன் தூணையே பிடுங்கி அடித்தான். தாடிக்காரரின் அரண்மனையில் தூண்களுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள் போல.

"வெறும் சட்டையோட போனா அடிபடாம என்ன செய்யும்? நல்ல கெட்டியான கவசமா எடுத்துப் போட்டுக்கோங்க," என்றாள் என் மனைவி. போட்டுக்கொண்டோம். பல்லி எழுந்திருக்கவே இல்லை. கொம்பன் கிட்டே வந்து கொஞ்ச நேரம் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடித்தான்.

பல்லியை உறும வைக்க ஒரு பொத்தான் இருந்தது. நான் வளைவுக்கு வளைவு உறுமினேன்.

"எதுக்குப்பா சும்மா சும்மா கத்த வைக்கறே?"

"ஹாரன்மா. வழி விடுவான்."

விடவில்லை. கொம்பன் லாரிக்காரன் பரம்பரை.

இப்படியே வாரம் ஓடியது. மகள் காலையில் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் என்னைப் பல்லிமேல் ஏற்றுவாள். மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும். எடுக்க மாட்டாள். என் மனைவி அதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். சாப்பாட்டில் உப்புக் கூடியது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிதான் ஓட்டுகிறேன். கதாயுதம் மேலே போகிறது, நிழல் விழுகிறது, இன்னும் இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடுவோம். சரியாக அந்த இடத்தில் பல்லி நின்றுவிடுகிறது. ஏதோ சிவப்பு விளக்கைப் பார்த்த மாதிரி. அடி நேராக நடு மண்டையில்.

ஒருநாள் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளைப் பார்த்தேன். நிழல் விழுந்த கணத்தில் அவள் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. அதே நேரம் இடது ஆள்காட்டி விரல் கண்ட்ரோலரின் பின்பக்கப் பொத்தானை அமுக்கியது. அதுதான் பல்லியை நிறுத்தும் வார். தான் அதை அமுக்குவது அவளுக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் காலும் விரிப்பில் அழுந்தி இருந்தது. என் காலைக் குனிந்து பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம்.

கார் கற்றுக் கொடுப்பவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக் இருக்கும். அதை எப்போது போடுவது என்பதுதான் எங்கள் வித்தை. முதலிலேயே போட்டால் கற்பவனுக்குத் தன் மேல் நம்பிக்கை போய்விடும். போடாவிட்டால் நமக்கு ஆயுசு போய்விடும். அதனால் கடைசிக் கணம் வரை அவனுக்கு விட்டுக் கொடுத்து, இனி தாங்காது என்னும்போது மிதிப்போம். லாரிக்கு அது போதும். கொம்பனுக்குப் போதாது. முதலிலேயே நின்றிருந்தால் அடி முன்னால் விழும். நிற்காமலே போனால் பின்னால் விழும். பாதி நம்பிக்கையில் நிற்பவன் தலையில்தான் விழும்.

கண்டுபிடித்துவிட்டேனே தவிர, சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பிரேக் போடும் பெண்ணிடம் நீ பிரேக் போடுகிறாய் என்று சொன்ன ஆண்கள் உண்டு. அவர்களை இப்போது எங்கே போய்த் தேடுவது?

அந்தச் சனிக்கிழமை என் மனைவி மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "மாப்பிள்ளை, எங்க வீட்டுத் தீயணைக்கிற சிலிண்டர் காலாவதி ஆயிடுச்சு போலிருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை."

மனைவியிடம் வர யோசித்த மனிதர் சிலிண்டரிடம் உடனே வந்துவிட்டார். மகள் இன்னும் பள்ளியிலிருந்து திரும்பவில்லை. அவர் சமையலறையில் மண்டியிட்டு அதன் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார், பூட்டு ஊசியைப் பார்த்தார், கவிழ்த்துத் தட்டினார்.

"அத்தை, இதுக்கு இன்னும் காலம் இருக்கே."

"உங்களுக்கும் இருக்கு மாப்பிள்ளை. உட்காருங்க."

நான் மெதுவாகக் கேட்டேன். "அந்தப் பல்லியை யார் நிறுத்தறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "தெரியும் மாமா."

"சொல்லலையா?"

"ஒரு தடவை கார்ல, பிரேக்கைப் பத்திச் சொன்னேன். அன்னைக்கு நான் வீட்டுக்கு பஸ்ல வந்தேன்."

"அதனால கோழைங்கற பேரை வாங்கிக்கிட்டீங்க."

"அது எப்படியும் இருக்கற பேர்தானே மாமா," என்றார். "ஆபீஸ்லயும் அதைத்தான் சொல்றாங்க."

மனிதர் மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

மகள் வந்தாள். அவரைப் பார்த்ததும் பையை எடுக்கப் போனாள். நான் முந்திக்கொண்டு சோபாவில் சாய்ந்து, "எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, இன்னைக்கு முன் சேணத்துல அவரை உட்கார வை," என்றேன். "ஜெயிச்சா நீ ஜெயிச்ச மாதிரி. தோத்தா அவர் தோத்த மாதிரி." அவளால் மறுக்க முடியவில்லை. இருவரும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அரண்மனை. கொம்பன். கதாயுதம் மேலே போனது, நிழல் விழுந்தது, பல்லி நின்றது. படார்.

"பார்த்தியாப்பா?" என்றாள்.

"பார்த்தேன்மா," என்றேன். குரலில் உள்ள கோபம் போதவில்லை என்று பட்டதால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். "மாப்பிள்ளை, உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை. போற பல்லியை யாராவது நடுவுல நிறுத்துவாங்களா? எந்தப் பள்ளியில ஓட்டக் கத்துக்கிட்டீங்க? நிழல் விழுந்த உடனே பயந்து பிரேக் போடறீங்க. உங்களாலதான் என் பொண்ணு அன்னைக்குச் செத்தா."

மாப்பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்களேன்."

"நான்தான் மாமா," என்றார். "பயத்துல போட்டுடறேன்."

"அப்பா, தெரியாம பேசாதே," என்று சீறினாள் மகள். "அவன் எப்படி நிறுத்துவான்? முன்னாடி இருக்கறவனுக்கு நிறுத்தற வாரே கிடையாது. அது பின்னாடி இருக்கற..."

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"ம்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலை? இத்தனை நாள் நான் உன்னை... இப்பக்கூட ஒத்துக்கறே, நான்தான்னு!"

அவர் வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எழுந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை போலாமா?" என்றார்.

போனார்கள். தெரிந்தும் அவள் விரல் அமுக்கியது. படார். மறுபடி போனார்கள். மறுபடி படார்.

"அம்மா, இந்த விரலைப் பிடிச்சுக்கோ," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. என் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, அவர்கள் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, மகளின் இடது ஆள்காட்டி விரலைத் தன் முஷ்டிக்குள் அடக்கிக்கொண்டாள். பல்லி கிளம்பியது. கதாயுதம் மேலே போனது. நிழல் விழுந்தது. எங்கள் மூன்று பேர் கால்களும் விரிப்பை மிதித்தன. பல்லிக்குத் தரைவிரிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாததால் அது ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டினார் என்று என் மனைவி பின்னால் சொன்னாள். எனக்கென்னவோ ஒரு கண்ணைத்தான் மூடியிருந்த மாதிரி தெரிந்தது. அடி வாலுக்குப் பின்னால் விழுந்தது. நெற்றிக்கல் திறந்தது. மகள் அம்பை விட்டாள்.

கொம்பன் சாய நெடுநேரம் பிடித்தது. பாட்டெல்லாம் போட்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

"ஏன் சொல்லலை?" என்றாள் மகள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாமே," என்றார் மாப்பிள்ளை.

"வீட்டுக்குப் போய்த்தான் பேசப் போறேன். தப்பிச்சுடலாம்னு பார்க்காதே." அவள் துணிகளைப் பைக்குள் திணித்தாள். கம்பளிச் சட்டை உள்ளே போகவில்லை. மாப்பிள்ளை அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கறுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டார்.

வாசலில் நின்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, முன்னாடி இருக்கறவனுக்கு வார் இல்லைன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா? ஒரு வாரமா முன்னாடிதானே உட்கார்ந்திருந்தே?"

"வயசாயிடுச்சேம்மா. அந்தப் பல்லிக்கு எது தலை, எது வால்னே எனக்கு நேத்துதான் பிடிபட்டுது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நானும் இமைக்காமல் பார்த்தேன். பிறகு அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நட," என்றாள்.

நாங்கள் கதவருகிலேயே நின்றோம். படிக்கட்டில் இரண்டு பேர் குரலும் மாறி மாறிக் கேட்டது. ஆச்சரியம், மாப்பிள்ளையின் குரலும் உயர்ந்துதான் இருந்தது.

"போயிட்டாங்களா?" என்றாள் என் மனைவி.

"இல்லை. முதல் மாடியில நின்னு சண்டை போடறாங்க."

"அப்பாடா," என்றாள். "கதவைச் சத்தம் இல்லாம சாத்துங்க."