இசெலுக்காக ஒரு செபம்

சபையில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர் யார் என்று பாஸ்டர் கரிகாலன் கேட்டதும் எல்லாத் தலைகளும் றொபின்சன் பக்கம் திரும்பின. பரிஸ் நகரத்து லா சப்பலில் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்த றொபின்சன், சபையில் பாதிப் பேருக்கு விசா விடயமாக பிறிபெக்சர் அலுவலகத்துக்குத் துணைபோய் மொழிபெயர்த்தவர். ஆனால் வாழ்நாளில் அவர் பிரெஞ்சில் வாசித்தவை எல்லாம், கீழே கையெழுத்து வைக்க இடம் விட்டிருந்த தாள்கள் மட்டுமே. இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

விவகாரத்தைக் கிளப்பியவர் திரான்சியிலிருந்து வரும் துஷ்யந்தி சிஸ்டர். அவருடைய மகள் மிருணாளினிக்குப் பதினான்கு வயது. ஆறு பாகங்கள் கொண்ட ஒரு மாயக்கதையை எடுத்த நாளிலிருந்து பிள்ளை அறைக்கதவைச் சாத்துகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் ஒரு அத்தியாயம் என்று பிரெஞ்சில் பதில் வருகிறது. குடும்பச் செபத்தில் கண் மூடுகிறது, வாய் திறப்பதில்லை. கதையின் பெயர் ‘ஊமை மணிகள்’. முதல் பாகத்தின் அட்டையில் ஆட்டுத்தலையும் மனித உடம்புமாக ஒருவன் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். துஷ்யந்தி அதைத் தூக்கிக் காட்டியபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. சபை முழுவதும் அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது. குழந்தைக்குப் பசி என்பது பிறகுதான் தெரியவந்தது.

பாஸ்டர் நீதியான மனிதர். முன்பு ஒருமுறை ஒரு கார்ட்டூனைப் பார்க்காமலே அதைக் கண்டித்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, அது பல் விளக்கும் பழக்கத்தைப் பற்றியது என்று அறிந்து வெட்கப்பட்டவர். ஆகவே வாசிக்காமல் தீர்ப்பில்லை என்றார். றொபின்சன் வாசிப்பார். மூன்றாம் ஞாயிறு எழுந்து தீர்ப்புச் சொல்வார். கெட்ட புத்தகம் என்றால் அன்றைக்கே முழுத் தொகுதியும் குப்பைக்குப் போகும்.

பின்வரிசையில் நின்ற மிருணாளினி புத்தகப் பையைக் கொண்டுவந்து றொபின்சனிடம் கொடுத்தாள். தாளின் மூலையை மடிக்கக் கூடாது, தேநீர்க் கோப்பையை மேலே வைக்கக் கூடாது, கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கவே கூடாது என்று பிரெஞ்சில் சொன்னாள். ஐந்தாம் பாகம் பையில் இல்லை. அது அவளோடு படிக்கும் ஒலிவியேயிடம் இருந்தது.

றொபின்சன் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார். முதல் பத்துப் பக்கங்களில் ஏழு மந்திரங்களுக்கும் ஒரு சந்தேகத்துக்கிடமான பூனைக்கும் அடிக்கோடு போட்டார். பிறகு ஆட்டுத்தலைக்காரன் வந்தான். அவன் பிசாசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று பரம்பரை பரம்பரையாக வழக்கு நடத்துகிறவன். இப்படிப்பட்ட நாலு பேரை றொபின்சனுக்குப் பெயர் சொல்லியே தெரியும், தலைதான் வித்தியாசம். நாற்பதாம் பக்கத்தில் பேனையைக் காணவில்லை. அவர் தேடவும் இல்லை.

அதற்குப் பிறகு றொபின்சனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்குப் போகப் பொபினியில் ரயில் ஏறி, ஸ்தாலின்கிராதில் இரண்டாம் இலக்க மெற்றோவுக்கு மாறி, ஒரே ஒரு தரிப்பில் இறங்க வேண்டியவர், தலையை நிமிர்த்தியபோது பிகாலில் நின்றார். வெள்ளை முழுக்கைச் சட்டையும் கையில் ஆட்டுத்தலைப் புத்தகமுமாக, ஆடையில்லாப் பெண்களின் விளம்பரப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் திரும்ப ரயில் ஏறினார். கடையில் ஒருவருடைய கைபேசிக்கு இன்னொருவருடைய பற்றரியைப் போட்டார். வாடிக்கையாளர் திட்டியபோது, இந்த ஆளுக்கு இசெலின் பொறுமையில் கால்வாசி இருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

இசெல் என்பவள் கதையில் மணி அடிக்கிற பெண். அவள் அடித்தால் பேச்சிழந்தவர்களுக்குப் பேச்சு வரும். நாலாம் பாகத்தின் முடிவில் அவளுடைய காலில் கருமுள் ஏறி, நஞ்சு முழங்காலைத் தாண்டிவிட்டது. அவளை மணிக்கூண்டில் பூட்டிவைத்தார்கள். கதவு சாத்தப்பட்டது என்ற வரியோடு புத்தகம் முடிந்தது. றொபின்சன் வெற்றுத்தாளைத் திருப்பிப் பார்த்தார். அட்டையின் உட்புறத்தையும் பார்த்தார்.

மறுநாள் பரிசோதனை அலுவல் என்று சொல்லிக்கொண்டு துஷ்யந்தி வீட்டு மணியை அடித்தார். ஐந்தாம் பாகம் ஒலிவியேயோடு விடுமுறைக்குப் போய்விட்டது. தீர்ப்பு ஞாயிறன்றுதான் திரும்பி வரும். இசெல் பிழைப்பாளா என்று றொபின்சன் தாழ்ந்த குரலில் கேட்டார். மிருணாளினி அவரை முதல்தடவையாக ஒரு மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு உதட்டை மடித்துக்கொண்டாள்.

விபத்து வியாழக்கிழமை செபக்கூட்டத்தில் நடந்தது. புடவைக்கடைக்கு மேலேயுள்ள அறையில் கண்ணை மூடியபடி ஆளுக்கொரு செபக்குறிப்புச் சொல்வது வழக்கம். ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கல், ஒருவரின் தம்பிக்கு விசா, ஒருவரின் மேலதிகாரிக்கு நல்ல மனம். றொபின்சனின் முறை வந்தது. மூடிய கண்ணுக்குள்ளே மணிக்கூண்டுதான் தெரிந்தது.

“இசெல் எண்டு ஒரு பிள்ளை,” என்றார். “காலிலை நஞ்சு ஏறிப்போய்க் கிடக்குது. கிட்டப் போறதுக்கு ஒருத்தரையும் விடுகினமில்லை. அவவுக்காகவும் செபியுங்கோ.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அதற்குள் சபை பிடித்துக்கொண்டது. சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தவர்கள் இசெலுக்குக் கால்மணி நேரம் கொடுத்தார்கள். முன்வரிசையில் இருவர் அழுதார்கள். றொபின்சனும் அழுதார், அவரும் இசெலுக்காகத்தான்.

நோயாளிகளைச் சந்திக்கும் பொறுப்பு அந்தோணியம்மாளுடையது. பரிஸின் வடக்கில் அவருடைய கோழிச் சூப்பு நுழையாத ஆஸ்பத்திரி கிடையாது. அடுத்த நாள் பிளாஸ்கோடு கடைக்கு வந்துவிட்டார். எந்த ஒப்பித்தால், எத்தனையாம் மாடி என்று கேட்டார். போக விடமாட்டார்கள் என்று றொபின்சன் இழுத்தார். தனக்குக் கதவு திறக்காத ஒப்பித்தாலை இன்னும் கட்டவில்லை என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு வதிவிடக் காட் இல்லையோ, பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்களோ என்று விசாரித்தார்.

“அப்பிடித்தான் வையுங்கோவன் அக்கா,” என்றார் றொபின்சன். பொய் என்று பார்த்தால் அதுவும் பொய் இல்லை.

“தாய் தகப்பன்?”

“இல்லை.” முதலாம் பாகத்திலேயே இருவரையும் கொன்றுவிட்டார்கள்.

அந்தோணியம்மாள் பிளாஸ்கின் மூடியை இறுக்கினார். அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்காகத் தான்தான் உபவாசம் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, பிளாஸ்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு நீரிழிவு. சனிக்கிழமை மத்தியானம் பொபினிச் சந்தையில் தலைசுற்றிக் காய்கறிப் பெட்டிகளின் மேல் சாய்ந்துவிட்டார் என்று அவருடைய புருசன் தொலைபேசியில் சொன்னார். இப்போது பரவாயில்லை, ஆனால் இசெலின் நஞ்சு இறங்கும்வரை வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் வைக்க மாட்டேன் என்று நிற்கிறாள், நீதான் பிறதர் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்.

றொபின்சன் கடைக்குள் மேலும் கீழும் நடந்தார். நடப்பதற்கு அங்கே மூன்று எட்டுக்கு மேல் இடமில்லை என்பதால் திரும்புவதே வேலையாக இருந்தது. இசெல் புத்தகத்தில் இருக்கிற பிள்ளை என்று சொன்னால், நடுத்தர வயதுக்காரரையே சபையில் புளுக வைத்த புத்தகம் என்று அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். மிருணாளினியின் முகத்தைப் பார்க்க ஏலாது. ஐந்தாம் பாகத்தையும் பார்க்க ஏலாது. சொல்லாவிட்டால், அச்சு மையினால் ஆன ஒரு பெண்ணுக்காக உயிருள்ள ஒரு மனுசி பட்டினியால் விழுவார்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடும் மண்டப வாசலில் மிருணாளினி காத்திருந்தாள். ஒலிவியேயிடம் வாங்கிய ஐந்தாம் பாகத்தை நீட்டினாள். றொபின்சன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். உள்ளே அந்தோணியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு வெளுத்திருந்தது, மடியில் புதிதாக வைத்த சூப்பு, போகும் வழியில் எப்படியாவது இசெலுக்குக் கொடுத்துவிடுவதற்கு. பாஸ்டர் கூப்பிட்டார். றொபின்சன் எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தார், தான் திரும்பக் கொண்டுவந்த புத்தகப் பையைப் பார்த்தார்.

“பாஸ்டர், தீர்ப்புக்கு முன்னம் ஒண்டு சொல்லவேணும். அந்த இசெல் எண்ட பிள்ளை இந்தப் புத்தகத்துக்குள்ளை இருக்கிறா.”

“இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவவோ?” என்று பாஸ்டர் கேட்டார்.

“இல்லை. இதுக்குள்ளை வாறவ.”

 முதலில் துஷ்யந்திதான் எழுந்தார். ஊழியம் செய்கிற மனிதரையே சபைக்கு முன்னால் பொய்சொல்ல வைத்துவிட்டது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பையைத் தூக்கினார்.

“நான் பொய் சொல்லேல்லை சிஸ்டர்,” என்றார் றொபின்சன். “சொன்னது முழுக்க உண்மை. ஆள்தான் உண்மையில்லை.”

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அந்தோணியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். றொபின்சன் அடி வாங்குவதற்கு ஆயத்தமானவர்போல நின்றார்.

“நான் பச்சைத் தண்ணியோடை கிடந்தனான்.”

“ஓம் அக்கா.”

“அதுக்கு இப்ப பதில் சொல்லும். நஞ்சு இறங்கினதோ, இல்லையோ?”

“தெரியாதக்கா. நாலாம் பாகம் அந்த இடத்திலை முடிஞ்சு போச்சுது.”

“பிள்ளையைப் பூட்டிப்போட்டு முடிச்சிட்டானோ? அப்பிடி எழுதினவனும் ஒரு மனிசனோ?”

எழுதியவர் ஒரு பெண் என்றார் றொபின்சன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி மிருணாளினியைப் பார்த்தார்கள். ஆறு பாகத்தையும் முடித்தவள் சபையில் அவள் ஒருத்திதான். துஷ்யந்தி பையை இன்னும் கையில் வைத்தபடியே, என்ன நடந்தது என்று சொல்லடி என்றார். பாஸ்டரும் தொண்டையைச் செருமி, சொல்லுங்கோ பிள்ளை என்றார்.

மிருணாளினி அந்த மண்டபத்தில் முதல்தடவையாகத் தமிழில் வாய் திறந்தாள்.

“சொல்ல மாட்டன். முடிவைச் சொல்லுறது பாவம்.”

பாஸ்டர் அறிந்த பாவங்களில் அது இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தானாகப் பாவத்துக்குப் பயப்படும்போது அதைக் குழப்புவது ஊழியக்காரனுக்கு அழகில்லை. 

“அப்ப செபத்தை நிப்பாட்டேலாது,” என்றார் அந்தோணியம்மாள்.

“அக்கா, அது எப்பவோ அச்சடிச்ச புத்தகம்,” என்றார் றொபின்சன். “நடக்கிறது நடந்து முடிஞ்சுது.”

“கர்த்தருக்கு அச்சு ஒரு தடையோ?”

வேதாகமக் கல்லூரியில் பாஸ்டர் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இருக்கவில்லை.  ஆறாம் பாகம்வரை வாசித்து முடிக்கும் வரைக்கும் தீர்ப்பு தள்ளிவைக்கப்படுகிறது என்றார். அதுவரை பை பிள்ளையிடமே இருக்கட்டும். ஆனால் உபவாசம் வேண்டாம், சிஸ்டர் முதலில் அந்தச் சூப்பைக் குடிக்க வேண்டும், மிச்சத்தை வாயால் செபிக்கலாம். துஷ்யந்தி பையை மகளிடம் கொடுத்தார், கொஞ்சம் வேகமாகத்தான். அந்தோணியம்மாள் இசெலின் சூப்பைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். பிறகு கையை உயர்த்தினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

றொபின்சன் பின்வரிசைக்குப் போய், முன்கதிரையின் முதுகுக்குக் கீழே ஐந்தாம் பாகத்தைத் திறந்தார். கண்ணை மூடாத இன்னொருத்தி, பையைக் கட்டிப்பிடித்தபடி, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபை சத்தமாக இசெலின் காலுக்காகவும், கதவுக்காகவும், பூட்டினவர்களின் மனம் இளகுவதற்காகவும் கேட்டுக்கொண்டிருந்தது. றொபின்சன் பதறிப் பதறித் தாள்களைப் புரட்டினார்.

பதினோராம் பக்கத்தில் இசெலைப் புதைத்துவிட்டார்கள். குழி ஆழம், மேலே கல், சுற்றிவரக் காவல்.

அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். தலையை நிமிர்த்தி, கண்மூடி நிற்கும் முகங்களைப் பார்த்தார். புதைத்த ஆள் எழும்பிவருவது இந்த மண்டபத்தில் யாருக்கும் புதினமான செய்தி இல்லை. றொபின்சன் ஆமென் என்று சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.