சிவப்பு அட்டை

என் குரல் பெரிய குரல். மூன்று கிரைண்டிங் மெஷின் ஓடும்போதும் நாற்பது அடி தள்ளி நிற்பவன் காதில் விழும். இருபத்தெட்டு வருடம் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் ஒரு ஷிப்யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக அந்தக் குரலை வைத்துத்தான் சோறு தின்றேன். முழங்கால் போனதும் யார்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரவில் படித்து வாங்கிய டிப்ளோமா ஒன்றும், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழும்தான் கையில் மிச்சம்.

மார்சிலிங்கில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே தமிழாசிரியை ஒருவர் நீண்ட விடுப்பில் போக, பதிலுக்கு ஆள் தேடினார்கள். தமிழ்ப் பாடத்துக்குப் பொறுப்பான வைதேகி மேடம் என்னை நேரில் பார்த்துப் பேசினார். முதலில் ஆறு வாரம், சரிப்பட்டால் வருடக் கடைசி வரை.

"பிள்ளைங்க கெட்டவங்க இல்ல சார்" என்றார். "ஆனா உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் எட்டு நாள் இருந்தாரு. இன்னொருத்தர் லஞ்சுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல."

"எந்தக் கடைக்குப் போனாரு மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "அஞ்சாவது வாரம் நான் வந்து பின்னாடி உக்காருவேன். கிளாஸ் உங்க கையில இருந்தா, வருஷக் கடைசி வரைக்கும்னு எழுதிக் கொடுத்துடுவேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் சரியாக மடங்காதவனுக்கு, நினைத்தபோது உட்காரவும் நினைத்தபோது நிற்கவும் விடுகிற வேலை வேறெங்கே கிடைக்கும்? செக்யூரிட்டி வேலை என்றால் பன்னிரண்டு மணி நேரம்.

உயர்நிலை இரண்டு. பதினேழு பேர். நான்கு வகுப்புகளில் சிதறிக் கிடப்பவர்கள், தமிழுக்கு மட்டும் ஓர் அறையில் ஒன்று சேர்கிறார்கள். அதுவும் கடைசிப் பாடவேளை. நான் முதல் நாள் உள்ளே போனபோது தண்ணீர்ப் போத்தலைச் சுழற்றி எறிந்து மேசையில் நிற்க வைக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு போத்தல் மின்விசிறியில் பட்டுத் தெறித்தது. நான் கத்தினேன்.

நான்கு விநாடி அமைதி. பிறகு பின் வரிசையிலிருந்து ரித்திக் என்கிறவன், என் குரலிலேயே, "டேய், ஹெல்மெட்ட போடுடா!" என்றான். யாரோ என் பழைய வேலையை அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது.

அந்த வாரம் முழுவதும் கத்தினேன். பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரும்போது, பிள்ளைகள் என்னைக் கத்த வைப்பதற்காகவே சீக்கிரம் வர ஆரம்பித்திருந்தார்கள். யார்டில் என் குரலுக்குப் பின்னால் கேட்பவனின் சம்பளம் இருந்தது, அவன் வேலை பெர்மிட் இருந்தது. இங்கே வெறும் குரல்தான்.

திங்கட்கிழமை அவர்களை வாசலிலேயே நிறுத்தினேன்.

"யாரும் உள்ள போகாதீங்க. சுவரோரமா நில்லுங்க. ரெண்டு ரெண்டு பேரா."

"ஃபயர் டிரில்லா சார்?" என்றான் ரித்திக்.

"டூல்பாக்ஸ் மீட்டிங்."

யார்டில் அது இல்லாமல் ஒருவனும் ஏணியில் கால் வைக்க மாட்டான். காலையில் எல்லோரும் கூடி நின்று, கை காலை உதறி, பக்கத்தில் நிற்பவனின் பெல்ட்டையும் பூட்ஸையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அவன் தூங்கினானா, காய்ச்சலா என்று கேட்க வேண்டும். பிறகு இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான். அதையே செய்தேன்.

"பக்கத்து ஆள பாரு. புக் இருக்கா? பேனா இருக்கா? போன் ஆஃபா? உடம்பு நல்லா இருக்கா? எனக்குச் சொல்லு."

"நிதீஷ் புக் கொண்டு வரல சார், ஆனா உடம்பு ரொம்ப நல்லா இருக்கு" என்றான் ரித்திக்.

"இன்னைக்கு என்ன வேலை?"

"கட்டுரை."

"என்ன ஆபத்து?"

"ரித்திக்!" என்றது பதினாறு குரல்.

உள்ளே போய் உட்கார நான்கு நிமிடம் ஆனது. அதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் ஆகும்.

அந்தத் தெம்பில் யார்டின் இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தேன். சிவப்பு ஃபைலை வெட்டி ஆளுக்கோர் அட்டை கொடுத்தேன். யாருக்காவது அடிபடும் என்று தோன்றினால் அட்டையைத் தூக்கலாம். தூக்கினால் அந்த இடத்தில் வேலை நிற்கும். யார்டில் நேற்று வந்தவன்கூட கிரேனை நிறுத்தலாம். தூக்கியவனுக்குத் தண்டனை இல்லை. என் விசாரணை நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது.

"உங்களையும் நிறுத்தலாமா சார்?" ரித்திக்தான்.

"யாரையும் நிறுத்தலாம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

முதல் வாரம் அட்டை பறந்தது. நிதீஷ் வாயு விட்டான் என்று ரித்திக் நிறுத்தினான். 'இனி: ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைக்க வேண்டும்' என்று எழுதியும் கொடுத்தான். நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன், எழுத வைத்தேன். மூன்று வரியைத் தமிழில் எழுதுவது அவர்களுக்கு மலை ஏறுவது மாதிரி. பத்து நாளில் அட்டைகள் பென்சில் பெட்டிக்குள் போய்விட்டன.

ஐந்தாவது வாரம் புதன்கிழமை. நான் படி ஏறி வரும்போதே வைதேகி மேடம் கையில் படிவத்தோடு வாசலில் நின்றார். பிள்ளைகள் வழக்கம்போல் சுவரோரம் இரண்டு இரண்டு பேராக நின்றிருந்தார்கள். எனக்குத் திடீரென்று வெட்கமாகிவிட்டது. நடைபாதையில் யார்டு கூலிகளைப் போல வரிசை கட்டி, பையைத் திற, போனைக் காட்டு என்பதை மேடம் பார்த்தால் என்ன நினைப்பார்? உண்மையான ஆசிரியர் இப்படியா செய்வார்?

"உள்ள போங்க" என்றேன்.

வரிசையில் நின்ற தாரணி என்கிறவள் நகரவில்லை. "சார், டூல்பாக்ஸ்?"

"இன்னைக்கு வேணாம். போ."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்க்காத மாதிரி உள்ளே நடந்தேன்.

வகுப்பு அழகாக உட்கார்ந்தது. மேடம் பின்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் சரக்கில் நல்லதை முதலில் எடுத்து வைத்தேன். கவிப்ரியா. அந்த வகுப்பில் திக்காமல் தமிழ் வாசிக்கிறவள் அவள் ஒருத்தி.

"கவிப்ரியா, முதல் பத்தி வாசி."

எழுந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"வாசிம்மா."

முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"கவிப்ரியா."

மறுபடியும் தலையாட்டல். பின்னால் பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இவளை நம்பித்தானே எழுப்பினேன், இவளே காலை வாருகிறாளே என்று நினைத்தேன். மூன்று வாரமாக உள்ளே வைத்திருந்த குரல் வெளியே வந்துவிட்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? மூணு தடவ சொல்லியாச்சு! திமிரா? வாசிக்க முடியாதுன்னா வெளிய போய் நில்லு!"

பக்கத்து அறையில் கணக்குப் பாடம் நின்றது. கவிப்ரியா புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

அப்போது அவள் பக்கத்தில் ஒரு கை நேராக உயர்ந்தது. சிவப்பு அட்டை. தாரணி என்னைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதெல்லாம் சிவந்திருந்தது.

மேடத்தின் பேனா நின்றுவிட்டது. 'கையை இறக்கு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் இறக்கிவிடுவாள். மேடமும் அதைக் குறையாக எழுத மாட்டார். டிசம்பர் வரை சம்பளம் உறுதி. ஆனால் கை காட்டியும் நிற்காத கிரேன் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதன் கீழே நின்றவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவனும் நான்தான்.

"சரி" என்றேன். "நிறுத்தியாச்சு. என்ன நடந்துச்சு, தாரணி?"

"சார், அவளுக்கு நேத்துதான் பல்லுக்குக் கம்பி போட்டாங்க. உள்ள எல்லாம் புண்ணு. பேசினா எச்சி வழியுது. அவளுக்கு ஷேமா இருக்கு." மூச்சு வாங்கினாள். "செக் பண்ணும்போது சொல்லலாம்னு நான் வச்சிருந்தேன். நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

யார்டில் விபத்து விசாரணை அறிக்கைகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். அவசரம், யாரோ பெரியவர் பார்க்க வருகிறார், இன்றைக்கு மட்டும் செக் வேண்டாம்.

விசாரணை நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினேன், எழுத எழுத வாசித்தேன். "என்ன நடந்தது: ஆசிரியர் மாணவியைப் பார்த்துக் கத்தினார். ஏன்: செக் பண்ணாமல் வேலையை ஆரம்பித்தார். இனி: யார் வந்தாலும் டூல்பாக்ஸ் உண்டு." கையெழுத்துப் போட்டேன். "கவிப்ரியா, தப்பு என்னோடது. உக்காரும்மா. வாய் ஆறட்டும், அடுத்த வாரம் வாசிக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. முதல்ல இருந்து."

பதினேழு நாற்காலி நகர்ந்தது. நடைபாதையில் இரண்டு இரண்டு பேராக நின்றோம். பையைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு என்ன ஆபத்து?" என்றேன்.

வழக்கமான பதில் வரவில்லை. ரித்திக் கையைத் தூக்கினான். "சார், உண்மைய சொல்லலாமா?"

"சொல்லு."

"நீங்கதான் சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கவிப்ரியா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

மணி அடித்த பிறகு வைதேகி மேடம் படிவத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"பதினோரு நிமிஷம் போச்சு சார்."

"ஆமா மேடம்."

"பிள்ளைகிட்ட அப்படிக் கத்தினதை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

"அதுக்கப்புறம் நடந்ததுக்கு இதுல கட்டமே இல்ல. அதை எங்க எழுதறது?" படிவத்தை மேசையில் வைத்தார். "அந்த நோட்ட கொடுங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

கொடுத்தேன். மூன்று நாள் வேறு செய்தி இல்லை. அந்த மூன்று நாளும் நான் செக்யூரிட்டி வேலை விளம்பரங்களைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரவூப்பைப் பார்த்தேன். என் பழைய யார்டு ஆள், இன்னும் அங்கேதான் வெல்டிங். லீவு நாளில் ஊருக்குப் பணம் அனுப்ப லிட்டில் இந்தியா வருவான், அப்படியே இருவரும் பரோட்டா தின்போம். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு பொம்பளப் புள்ள உங்களையே நிறுத்திருச்சா அண்ணே!" பரோட்டாவைப் பிய்த்தபடி சிரித்தான். "அந்த வாய நிறுத்த யார்டுல ஆள் இல்லாம நாங்க எத்தன வருஷம் கஷ்டப்பட்டோம்."

"தின்னுடா."

"அப்புறம் அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு? வார்னிங் லெட்டரா?"

"ஒண்ணும் ஆகல. மூணு வரி எழுதணும், அதையும் நானே எழுதிட்டேன். போய் உக்காந்துட்டா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அந்த நேரம் போன் அதிர்ந்தது. வைதேகி மேடத்தின் செய்தி. 'டிசம்பர் வரை ஓகே சார். சிவப்பு அட்டை உங்க ரூமுக்குள்ள மட்டும், தயவு செஞ்சு. டூல்பாக்ஸை உயர்நிலை ஒண்ணுக்கும் செய்ய முடியுமா?' ரவூப்பிடம் காட்டினேன். அவன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, இரண்டு தே தாரிக் டீ சொன்னான்.

பிறகு பர்ஸைத் திறந்து, உள்ளறையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். யார்டின் சிவப்பு அட்டை. நான் கொடுத்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"பதினோரு வருஷமா வச்சிருக்கேன் அண்ணே. ஒரு தடவகூடத் தூக்கல. தூக்கினா வேலை பெர்மிட் போயிடும்னு பயம்."

"தெரியும்டா" என்றேன். தெரியும்தான். நாற்பது பேருக்கு என் கையால் கொடுத்தேன், அத்தனை வருடத்தில் இரண்டு பேர் தூக்கினார்கள். ஏன் தூக்கவில்லை என்று நானும் யாரையும் கேட்டதில்லை.

தே வந்தது. ரவூப் நுரையை ஊதிக் குடித்தான்.

"அந்தப் புள்ள பேரு என்ன சொன்னீங்க?"

"தாரணி."

"தாரணி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். மேசையில் கிடந்த அட்டையை எடுத்தான். பர்ஸில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"இன்னொரு பரோட்டா சொல்லவா அண்ணே? வாத்தியாருக்கு இன்னைக்கு நம்ம செலவு."