இருநூறு சிம்கார்டுகள்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பதைத்தான் இன்னும் சரியாக எழுத முடியவில்லை. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'ஐரோப்பாவின் மூலையில் ஒரு குட்டி நாடு இசையால் தலைநிமிர்ந்...'

பொய். அடித்துவிட்டேன். [அடித்தது தெரியட்டும்.] அந்த நாட்டில் பாடத் தெரிந்த எல்லாரும் ஏற்கெனவே பாடித் தோற்றுவிட்டார்கள் போலும். ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு வெளியே குரல் தேடினார்கள். அகப்பட்டவள் பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் பிறந்து வளர்ந்த எங்கள் மிருணாளினி. அரையிறுதியில் முதல் பத்துக்குள் வந்தால் இறுதிப் போட்டி. வராவிட்டால் நாடே போட்டியிலிருந்து விலகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு மேடைதான்.

2.
இனி குலசேகரம் என்ற பாத்திரம். பாரிஸுக்குப் பக்கத்தில் ஒபர்வில்லியேயில் மண்டபம் எடுத்து, லண்டன், சுவிஸ், நோர்வே என்று எல்லா நாட்டுச் சொந்தக்காரரையும் அழைத்தார். ஒன்றுகூடிச் சாப்பிடாமல் எங்கள் சனத்துக்கு எந்தக் காரியமும் ஆகாது. வந்த இருநூறு பேருக்கும் பிரான்ஸ் சிம் இலவசம். ஒரு சிம்முக்கு இருபது வோட். மண்டபம் அதிர்ந்தது.

(அடிக்குறிப்பு, இங்கேயே: எந்த நாட்டுச் சிம்மோ, அந்த நாட்டு வோட். ஒரு நாட்டிலிருந்து எத்தனை ஆயிரம் வோட் போனாலும் அந்த நாடு கொடுப்பது அதிகபட்சம் பன்னிரண்டு புள்ளி. பிரான்ஸ் பன்னிரண்டு கொடுத்தது. பிரித்தானியா பூச்சியம். சுவிஸ் பூச்சியம். நோர்வே பூச்சியம். அவரவர் வீட்டுச் சோபாவில் இருந்து போட்டிருந்தால்...)

மிருணாளினி பதினோராவது. மூன்று புள்ளி குறைவு.

மடையன் குலசேகரம்! விதிமுறை நாலு வரி. வாசித்தானா?

3.
குலசேகரம் என்று யாரும் இல்லை. அவை என் கடைச் சிம்கள். ஃபொபூர் சேன்-தெனி தெருவில் கைபேசிக் கடை வைத்திருக்கும் உதயன், நான்தான், ஒவ்வொரு போனையும் ஊசியால் குத்தித் திறந்து போட்டுக் கொடுத்தேன். [முதல் பிரதியில் இந்தப் பகுதி இல்லை.]

அடுத்த கிழமை மிருணாளினி கடைக்கு வந்தாள்.

"அண்ணை, லண்டனிலை எங்கடை சனம் எவ்வளவு இருக்கு! ஒரு புள்ளியும் வரேல்லை. ஏன்?"

"எரிச்சல், பிள்ளை."

"தயாளினிச் சின்னம்மா லண்டனிலையிருந்து வந்து மண்டபத்திலை சாப்பிட்டவதானே? இருபது வோட் போட்டனான் எண்டு சத்தியம் பண்ணுறா. போட்டிருந்தா லண்டனிலையிருந்து ஒண்டாவது வந்திருக்கும். மந்தேஸ்! பொய்காரி!"

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"சனத்தின்ரை கதையை நம்பாதை, பிள்ளை."

என் முன்னாலேயே சின்னம்மாவின் நம்பரை அழித்தாள்.

4.
முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுது மன்னிக்கிறாள். (சினிமா.)

முடிவு ஆ: குட்டி நாடு மனம் மாறி மறுபடியும் அவளை... (விலகிவிட்டது. கடிதமும் வந்துவிட்டது.)

முடிவு இ: இன்று காலை தயாளினி லண்டனிலிருந்து கடைக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பிள்ளை என்ரை போனை எடுக்கிறாள் இல்லை. நீர்தானே சிம் போட்டுத் தந்தனீர்? நான் வோட் போட்டதெண்டு அவளிட்டை ஒருக்காச் சொல்லும்."

"ஓம் அக்கா" என்றேன். சொல்லவில்லை. என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

மிருணாளினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியும். போய்ச் சொல்லுங்கள்.