மீராசாவின் வாசலில் ராக்கெட் துண்டு

சாய்ந்தமருதில் மீராசாவின் வள்ளங்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். எல்லாம் ஒரே பச்சை. அவருடைய வலை அறுந்து மிதந்தால், மிதப்பில் கட்டிய பச்சைத் துணியைப் பார்த்து யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அடுத்தவர் வலை அகப்பட்டால் அவரும் அப்படியே. அடையாளமுள்ள பொருளை வைத்துக்கொள்பவன் தம் குடும்பத்தில் பிறக்கவில்லை என்பார்.

அப்படிப்பட்டவரின் வலையில்தான் அந்த வெள்ளைத் தகடு சிக்கியது. வளைந்த தகடு, ஒரு கட்டில் அகலம்.

"வாப்பா, இது ராக்கெட்டுத் துண்டு" என்றாள் மகள் பஸ்மினா, விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர்.

மீராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்மினாவுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டின் கேற்றுக்கு மேல் அதைக் கூரையாகப் பூட்டி, முழுவதும் பச்சை பூசினார். "வானத்தால வந்த கூரை சம்மாந்துறையில ஒருத்தன்ட வீட்டுலயும் இல்ல!"

சம்மாந்துறை என்று குத்தியதற்குக் காரணம் உண்டு. பஸ்மினாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் வீட்டார் அந்த ஊர். மாப்பிள்ளையின் வாப்பா நளீம் ஹாஜியாருக்கு அங்கே அரிசி மில்.

அவர்கள் வீடு பார்க்க வந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் நிதர்சன் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, மேல இருக்கிறது வேற நாட்டுப் பொருள். திருப்பித் தரச் சொல்லி எழுதியிருக்கிறாங்க. எங்க விழுந்தாலும் விட்ட நாட்டுக்குத்தான் சொந்தம். அது நாடுகளுக்குள்ள சட்டம்."

நளீமின் கரண்டி பாதியில் நின்றது. "என்ன மச்சான், பொலிஸ் தேடி வாற வீட்டிலயா சம்பந்தம் கதைக்கிறம்?"

மீராசாவின் காது சிவந்தது. "கடல்ல மிதந்தது. அடையாளம் எங்க இருக்கு?"

கதவடியில் நின்ற பஸ்மினா மெல்லச் சொன்னாள்: "பச்சைக்குக் கீழ இருக்கு, வாப்பா."

மீராசா சாரனை மடித்துக் கட்டி, ஏணி கேட்டார். புதுச் சட்டையோடு ஏறித் தாமே சுரண்டினார். ஓர் இலக்கம் தெரிந்தது, பிறகு ஒரு குட்டிக் கொடி. ஆணிகளையும் தாமே கழற்றினார்.

"சேர், பொலிஸ் இத எடுத்துக்கொண்டு போகல்ல. மீராசா திருப்பிக் குடுத்தான். அப்பிடி எழுதுங்க."

"ஓம் ஐயா, அப்பிடியே எழுதுறன்."

"வலைக்காரன் எண்டா நன்றிக்கு ஒரு மீனாவது தருவான். ராக்கெட் விட்டவங்க?" என்றார் மீராசா.

"நாளைக்கு நம்மட நாட்டு ராக்கெட் அவங்கட கடல்ல விழுந்தா அவங்களும் தரணும்" என்றாள் பஸ்மினா.

நளீம் வெடித்துச் சிரித்தார். "நம்மட நாடா? பஸ்ஸே நேரத்துக்கு வாறல்ல!"

"புயல் வருதெண்டு உங்கட போனுக்கு எப்பிடித் தெரியுது, மாமா? வானத்துல சுத்துற மத்த நாட்டுச் செய்மதி பார்த்துச் சொல்லுது. எத்தின காலத்துக்கு இரவல் கண்ணால பார்க்கிற?"

நளீம் தன் போனை எடுத்துப் பார்த்தார். மீராசாவின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. "நம்மட நாடும் விடும், மச்சான். இவட பிள்ளை விடும்."

"அது என்ட மகன்ட பிள்ளையும்தான்! ராக்கெட்டுல எங்கட மில்லுப் பேர் எழுதணும்."

"பிள்ளை தாய்ட குடி, தாய் வழி வம்சம். பச்சைதான் அடிக்கிற."

"பாதி!"

"ஒரு விரலகலமும் தரமாட்டன்!"

நிதர்சனுக்கும் வட்டிலப்பம் வந்தது. நிறச் சண்டை முடிவதாயில்லை. அதற்குள், உள்ளே பெண்கள் கலியாண நாளைக் குறித்துவிட்டார்கள்.